உங்கள் குரலில் வந்தவர்

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். போன பிரசவத்தில் நான் பிழைத்ததே பெரிது என்று நர்ஸம்மா கருத்தடை மாத்திரை கொடுத்தார். "தலைக்கு ஊத்தி ரொம்ப நாளு கழிச்சி ஆரம்பிக்கிற. ஏழு நாளு வுடாம போட்டாதான் வேல செய்யும். அதுவரிக்கும் தள்ளி இரு" என்றார்.

மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் மத்தியானம் நீங்கள் வந்தீர்கள். விஷயத்தைச் சொன்னேன். "சரி, ஏழு நாளு ஆவட்டும், வர்றேன்" என்று சிரித்துவிட்டு, பிள்ளைகளைக்கூடப் பார்க்காமல் சாமைக் காட்டுப் பக்கம் இறங்கிப் போனீர்கள். கோபம் என்று நினைத்தேன்.

நேற்று குடகுக் காப்பித் தோட்டத்தில் உங்களோடு வேலை செய்யும் தம்பி ஜீப்பில் வந்து இறங்கினார். "அண்ணன் தோட்டத்த வுட்டு எங்கியும் போவலியே அண்ணி" என்று சொல்லிவிட்டு அதே ஜீப்பில் திரும்பிப் போனார்.

இன்றோடு ஏழு நாள். வாசலில் உங்கள் குரல், "இன்னா, கதவ தொற" என்கிறது. "அப்பா" என்று ஓடப் பார்க்கும் பிள்ளைகளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் வரும்போது தம்பியோடு வாருங்கள். உங்கள் குரலை மட்டும் நம்பிக் கதவைத் திறக்க மாட்டேன்.

உங்கள் மனைவி