வெளியாள் ஒருவரின் மேற்கோள்

ஜூன் 18, 2025

கல்லூரி முதல்வர் தசரதன் கூப்பிட்டனுப்பினார். நான் நடத்தும் பொருளியல் ஆய்விதழை இதுவரை எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கேட்டார். பதினொரு மேற்கோள் என்றேன். பட்டியலைப் பார்த்தார். பத்து நானே காட்டியது.

“மிச்சம் ஒண்ணு பத்மஜான்னு இருக்கே, யாருங்க?”

“என் மனைவி. அவங்களும் பொருளியல்தான்.”

“வீட்டம்மா எப்படிங்க வெளியாளாவாங்க?”

டிசம்பருக்குள் வெளியாள் ஒருவராவது காட்டாவிட்டால் இதழ் மூடப்படும். என் அறை யோகா மையமாகும்.

ஜூன் 19

பத்மஜா: “உங்க பத்திரிகைய படிக்கிறது ரெண்டு பேரு. ப்ரூஃப் பாக்கறவரு, அப்புறம் நானு. எனக்கு வேற வழியில்ல.”

ஜூலை 10, பௌர்ணமி

தவறு. மூன்றாவதாக ஒருவர் படிக்கிறார். கிரிவலம் போனபோது, அடி அண்ணாமலையில் சோடா விற்கும் ரேணுகாம்பாள் என்னை நிறுத்தினார். கடைகள் அருகருகே இருந்தால் சோடா விலை குறைகிறது என்று என் துறையின் வித்யாலக்ஷ்மி முன்பு எங்கள் இதழில் எழுதியிருந்தார். தகவல் தந்ததற்கு நன்றியாக, அதைத் தமிழில் எழுதி இவருக்கு ஒரு பிரதியும் கொடுத்திருக்கிறார்.

“பக்கத்துல பக்கத்துல போட்டா வெல கம்மியாவுதுன்னு நீங்கதான சார் போட்டிருந்தீங்க. எல்லாருக்கும் படிச்சிக் காமிச்சேன். போன வருசமே தள்ளித் தள்ளிப் போட்டுட்டோம்.”

பதினைந்து ரூபாய் சோடா இருபத்தைந்து ஆகியிருந்தது. இதழ் தொடங்கியதிலிருந்து நாங்கள் ஏற்படுத்திய ஒரே தாக்கம். தசரதனிடம் காட்ட வழியில்லை. சோடாக் கடையை எந்த மேற்கோள் தரவுத்தளமும் சேர்ப்பதில்லை.

செப்டம்பர் 3

ஒன்றுமில்லை. யோகா பாய்கள் வந்து இறங்கிவிட்டன.

நவம்பர் 21

வந்துவிட்டது! அறிவுமதி என்று ஒருவர், வெளியூர்ப் பல்கலைக்கழகம், பெரிய இதழ், பதினெட்டுப் பக்கம். வித்யாலக்ஷ்மியின் முடிவு தவறாம். பல பௌர்ணமிகள் சுற்றியும் அருகருகே இரண்டு சோடாக் கடைகளை அவர் காணவில்லையாம். கட்டுரையாளர் அந்தப் பாதையில் கால் வைத்தாரா என்பதே ஐயமாம். கீழே அடிக்குறிப்பில் எங்கள் இதழின் பெயர், எழுத்துப் பிழையின்றி.

வித்யாலக்ஷ்மிக்குக் கண் கலங்கிவிட்டது. “செருப்பில்லாம சுத்தினேன் சார். மானமே போச்சு.”

எனக்கும் வருத்தம்தான். ஸ்வீட் பாக்ஸைக் காலால் மேசைக்கடியில் தள்ளினேன்.

நவம்பர் 24

“நம்மளத் திட்டியிருக்காரே சார்,” என்றார் தசரதன்.

“திட்டினாலும் மேற்கோள்தாங்க.”

“இவரு உங்களுக்குச் சொந்தமா?”

“இல்லைங்க.”

கையெழுத்துப் போட்டார். பாய்கள் நூலகத்துக்குப் போயின. படிப்பவர்கள் படுத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 4, பௌர்ணமி

வித்யாலக்ஷ்மி தெளிந்துவிட்டார். கடைகள் ஏன் விலகின என்று அறிவுமதிக்குப் பதில் எழுதுகிறார், அதே பெரிய இதழுக்கு. அறிவுமதி சும்மா இருக்கமாட்டார். இரண்டு பேரும் இளவயது. எங்கள் இதழுக்கு நல்ல எதிர்காலம் தெரிகிறது.

நடந்து களைத்து ரேணுகாம்பாள் கடையில் நின்றேன்.

“முப்பது சார். டீச்சரு புதுசா எழுதறாங்களாமே, எங்களுக்குத் தமிழ்ல எப்ப வரும்?”

பேரம் பேசாமல் கொடுத்தேன். சொந்த இதழின் தாக்கத்தை ஆசிரியரே குறைப்பது முறையல்ல.