பாட்டில் வராத பதில்

ஐப்பசி 22, செவ்வாய்

விடாத மழை. புடவை மூன்றும் காயவில்லை, கூடத்தில் கொடி கட்டியாயிற்று. இடுப்பு வலி.

நாளன்னிக்கு சம்பந்தி மாமி சத்யவதி வருகிறாள், காக்கிநாடாவிலிருந்து. கண்ணில் புரை, ஆபரேஷன் இங்கே. அவள் தம்பி கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்புகிறாராம். பிள்ளை ஸ்ரீதருக்கும் மாட்டுப்பெண் பத்மஜாவுக்கும் பம்பாயில் லீவு இல்லை. ஆறு நாள் என் பொறுப்பு. அவளுக்குத் தமிழில் ஒரு அட்சரம் தெரியாது.

எனக்குத் தெலுங்கு? முப்பது வருஷமாகப் பாடுகிறேன். ரேடியோவும் கேசட்டும் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்ட நாற்பத்திரண்டு கீர்த்தனை. அர்த்தம் பார்த்தது இந்த ஒரு வருஷமாகத்தான். மாடவீதியில் வாங்கின பழைய அகராதி, வரிக்கு வரி பென்சில். ஏன் என்று இவரிடம்கூடச் சொல்லவில்லை. போன வருஷம் கல்யாணம் முடிந்து, காக்கிநாடாவில் சத்யவதி வீட்டு வாசலில் கிளம்பும்போது அவள் மஞ்சள் குங்குமத் தட்டை நீட்டினாள். பிள்ளை தன் இஷ்டத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டான் என்கிற கோபம் எனக்கு. நெற்றியைக் காட்டாமல் வண்டியில் ஏறிவிட்டேன். தட்டோடு அவள் நின்றாள். தினம் அம்பாளுக்கு விளக்கேற்றும்போது அந்தத் தட்டுதான் கண்ணில்.

மன்னிப்பு கேட்கவேண்டும். நடுவில் யாரும் வேண்டாம். அவள் பாஷையில், என் வாயால்.

23, புதன்

தூறல். பால் திரிந்தது.

இஸ்திரி போடுகிற நாகம்மாவுக்கு வீட்டில் தெலுங்கு. அவளிடம் ஒத்திகை. துணி எப்போது வரும் என்று தெலுங்கில் கேட்டேன்.

"இன்னா மாமி, சாமியாண்ட வரம் கேக்கற மாரி கேக்கற? துணிதானே, சாயங்காலம் தரேன்."

சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல்.

பாட்டு நோட்டைப் புரட்டினேன். தெரிந்தவை: தயை, கருணை, சீக்கிரம் வா, ஏன் பராமுகம், தப்பு, பொறுத்துக்கொள். தெரியாதவை: தலையணை, சொட்டு மருந்து, பசிக்கிறதா, கக்கூஸ்.

இவர்: "ராமனைக் கூப்பிடற பாஷைல சம்பந்தியைக் காப்பிக்குக் கூப்பிடப் போறியா? பேஷ்."

26, சனி

நேற்று ஆபரேஷன், இன்று வீட்டுக்கு. வலது கண்ணில் கட்டு. குனியக்கூடாது, தலைக்குத் தண்ணீர் கூடாது. என்னை "வதினகாரு" என்கிறாள், அண்ணி என்கிற மரியாதை. அதற்கு மேல் பேச்சில்லை.

"மஞ்சி நீள்ளு" என்றாள். மஞ்சி என்றால் நல்ல. நம் வீட்டுத் தண்ணீருக்கு என்ன குறை என்று எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கொதிக்கவைத்து, வடிகட்டி, கொடுத்தேன். உதட்டைச் சுட்டுக்கொண்டாள். குடிக்கிற தண்ணிக்கே அப்படித்தான் சொல்றது என்று சாயங்காலம் நாகம்மா.

மருந்து விடும்போது மன்னிப்பு வாய்வரை வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

28, திங்கள்

வெயில் எட்டிப் பார்த்தது. உடம்பு அடித்துப்போட்ட மாதிரி.

விளக்கேற்றிப் பாடினேன், மெதுவாக. உள்ளிருந்து அவள் குரலும் சேர்ந்துகொண்டது, கொஞ்சம் தணிந்த ஸ்ருதியில். முடிந்ததும் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். யோசித்து வைத்த வாக்கியம் எல்லாம் போச்சு. நோட்டில் இருக்கிறதுதான் வந்தது: தப்பு, தயை, பொறுத்துக்கொள் தாயே. நாகம்மா இருந்திருந்தாலும் சிரித்திருக்க மாட்டாள்.

அவள் பதில் சொன்னாள். நீளமாக, வேகமாக. குரல் உயர்ந்து, நடுவில் உடைந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நாற்பத்திரண்டு பாட்டிலும் கெஞ்சுகிறவர்தான் பேசுகிறார். ஸ்வாமி ஒரு வரி பதில் சொல்வதில்லை. பதிலைக் கேட்டு எனக்குப் பழக்கமே இல்லை.

காதில் விழுந்ததைத் தமிழில் எழுதிக்கொண்டேன், பாட்டு எழுதுகிற மாதிரி.

29, செவ்வாய்

காலையில் எஸ்.டி.டி. பூத். எழுதினதைப் பத்மஜாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அத்தையா, இதை நான் சொல்லணுமா?"

"சொல்லும்மா."

"'அந்தத் தட்டை எடுத்து உள்ள வைக்க மூணு நாள் எனக்கு மனசு வரல. தெருவே கேட்டுது, சம்பந்தி ஏன் குங்குமம் வாங்கிக்கலன்னு. என் வாசல்லதானே வேண்டாம்னீங்க? என் வாசலுக்கே வந்து வாங்கிக்கோங்க.' அவ்வளவுதான் அத்தையா."

நாலு மணிக்கு அவள் தம்பி வந்தார். தட்டை நீட்டினேன். நான் செய்ததை அவள் செய்யவில்லை. குங்குமம் இட்டுக்கொண்டாள், வெற்றிலை பாக்கை முந்தானையில் வாங்கிக்கொண்டாள். என் நெற்றிக்கு மட்டும் அவள் கை வரவில்லை.

ஆட்டோ போனதும் இவரிடம் எல்லாம் சொன்னேன். பேப்பரை மடித்தார். "காக்கிநாடாவுக்கா? இந்த இடுப்ப வச்சிண்டா?"

ஆமாம் என்றேன். தை பிறந்ததும்.

நாகம்மாவிடம் ஒரு சொல் கேட்டு எழுதிக்கொண்டேன். வச்சானு. வந்துவிட்டேன் என்று அர்த்தம். நோட்டில் எங்கும் கிடையாது. எல்லாப் பாட்டிலும் ஸ்வாமியைத்தான் வா வா என்கிறோம்.