ஜெனிற்றாவுக்குப் போன படம்

நவம்பர் 4, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். நான் பராமரித்த பிரெஞ்சு மூதாட்டி, மடாமை அடக்கம் செய்து ஒரு கிழமை. வேலையில்லாமல் வீட்டில் என்ன செய்வது. தமிழ்க் கடைகள் இருக்கும் ரூ பெர்தொனே தெருவுக்கு மரக்கறி வாங்கப் போனேன். கடை வாசலில் ஜெனிற்றா. சனி, ஞாயிறில் மட்டும் மடாமைப் பராமரித்தவள். மற்ற நாளெல்லாம் நான்.

"அக்கா, கட்டிலுக்கு மேலை இருந்த படத்தைக் கொண்டு வந்திட்டன். மடாம் எனக்குத்தானே தந்தவா? நீங்களும் பக்கத்திலை நிண்டனீங்கள்."

"ஓம்."

மடாம் சும்மா பேச்சுக்குச் சொன்னார் என்றுதான் நினைத்திருந்தேன். வெண்டிக்காய் மறந்துவிட்டது.

நவ. 5
பழைய இத்தாலியப் படம். மண்ணிற மைக் கோடுகள், நிழலுக்குத் தண்ணீர் கலந்த மை. மாதா தன் உறவுக்காரி எலிசபேத்தம்மாளைக் கட்டிப்பிடிக்கிறார். மாதாவின் ஒரு கை முடிக்காமல் வெறும் கோடாக. ஐந்து வருடம் அதன் கீழே நின்று மடாமுக்குத் தலை வாரினேன். அதை எனக்குத் தர அவருக்குத் தோன்றவில்லை.

நவ. 8, சனி
சலவை. பிறகு லா கூர்னெவில் ஜெனிற்றா வீடு. இடியப்பம், சொதி. நல்ல ருசி, அதுவும் எரிச்சல். படம் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு மேலே. சூடு பட்டால் தாள் கெடும் என்று மடாம் சொல்வார். நான் சொல்லவில்லை.

"நீ கேட்டு வாங்கினனியோ?"

"இல்லை அக்கா. நல்ல வடிவா இருக்கு எண்டன். உடனை, நீயே வைச்சுக்கொள் எண்டிட்டா."

வடிவு. ஐந்து வருடத்தில் அந்தப் படத்தை அழகென்று ஒரு சொல் நான் சொன்னதில்லை.

நவ. 10
மடாமின் மகள் போன். படத்தைக் காணவில்லையாம், அம்மா தந்ததாக ஜெனிற்றா சொல்கிறாளாம். அம்மாவோடு அதிகம் இருந்தது நீங்கள்தான், நீங்கள் சொல்வதை நம்புவேன் என்றார். 'இல்லை' என்று ஒரு சொல் போதும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது!

பின்னேரம் ஜெனிற்றா போன், அழுகை. "அக்கா, அவ என்னைக் கள்ளி எண்டு நினைக்கிறா."

தலையிடி. சாப்பிடவில்லை.

நவ. 11
குளிர். மடாமின் மகளுக்குப் போன் எடுத்தேன். கொடுத்தார், என் கண் முன்னால் கொடுத்தார் என்றேன். நன்றி சொன்னார். நினைவாக உங்களுக்கு ஏதாவது வேண்டுமா என்றார். ஒன்றும் வேண்டாம் என்று வாய் சொல்லிவிட்டது.

உடனே ஜெனிற்றா போன். "நீங்கள் எனக்குத் தெய்வம் அக்கா."

தெய்வமாம். யாராவது கதவை உடைத்து அந்தப் படத்தைக் களவெடுத்துக்கொண்டு போகட்டும் என்று குசினி அடுப்புக்கு முன்னால் நின்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.