சோயா டப்பாவைத் தேடாதீர்கள்

என்னங்க,

ஷிப்டுக்குக் கிளம்புகிறேன். அசந்து தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சாயங்காலம் உங்கள் தங்கை வருவாள். நீங்கள் வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவையுங்கள்.

நேற்று உங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு டாக்டரைப் பார்த்தேன். தைராய்டு மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டார்.

"வாய் கசக்குதுன்னு ஒரு பிடி பொரிச்ச சோயாவோட சேத்து முழுங்குவாரு. அப்புறம் நாள் பூரா அதேதான் கொறிப்பாரு" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மாத்திரைய உடம்புல சேர விடாதும்மா அது. போதாததுக்கு அவ்வளவு எண்ணெய், உப்பு. பிரஷர் ஏறாம என்ன செய்யும்?"

இந்த நான்கு மாதத்தில் உங்கள் முகம் வீங்கியதும், கிரேன் கூண்டில் கண்ணயர்ந்ததும், மேஸ்திரி உங்களைக் கிரேன் வேலையிலிருந்து இறக்கியதும் அதனால்தான். நானோ, "வேலைக்குப் போக வலிக்குதா?" என்று தங்கை முன்னாலேயே கத்தினேன். சிகரெட்டை விட்டுச் சோயா கொறிக்க ஆரம்பித்தீர்களே என்ற சந்தோஷத்தில் அந்தச் சோயாவைக் கிலோ கணக்கில் வாங்கிக் குவித்ததும் நான்தான்.

இனி மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டுமாம். டப்பாவை நான் எடுத்துப் போகிறேன்.

மேஸ்திரிக்கும் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "பாவம்தாங்க. ஆனா கிரேனுக்கு வேற ஆள் போட்டாச்சே" என்றார். இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பி.கு.: வாய் நமநமத்தால் மறுபடி சிகரெட்டைத் தொடாதீர்கள். எனக்குப் போன் போட்டுத் திட்டுங்கள். எடுப்பேன்.