நான்கட்டாயில் போட்ட பேரீச்சம்பழம்

அன்பு மகள் அம்பரீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நீயும் மாப்பிள்ளை நவீதும் அந்த ஊர்க் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க துஆ செய்கிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம், சுகம் என்று எழுத மட்டும் இன்றைக்குக் கை வரவில்லை. ஃபோனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அவளுக்கு எதுக்குப் பேஜாரு என்று கண்ணைக் காட்டுகிறார். அதனால்தான் காகிதத்தில் எழுதி ஃபோட்டோ பிடித்து அனுப்புகிறேன், பெரிதாக்கிப் படித்துக்கொள்.

ஈது பெருநாளுக்குச் செய்த நான்கட்டாய் பிஸ்கட்டை ஃபோட்டோவில் பார்த்துவிட்டு, சர்க்கரைக்குப் பதில் என்ன போட்டீர்கள், நவீதுக்கும் சுகர் ஆரம்பம் என்கிறார்கள், நானும் செய்து கொடுக்கப் போகிறேன் என்று கேட்டாய் அல்லவா, செய்து கொடுக்காதே. அப்பாவின் காலைப் பார்த்த டாக்டர், சுகர் குறைந்து புண் ஆறாவிட்டால் விரலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று நோன்புக்கு முன்பே சொல்லிவிட்டார். ஷூ கம்பெனியில் காலமெல்லாம் அடுத்தவன் காலுக்குத் தோல் வெட்டிய மனுஷன், தன் காலைக் குனிந்து பார்க்கவில்லை. அன்றைக்கே சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன். ஒரு வருஷமாகவே அவர் கடைத்தெருவில் சர்க்கரை போட்ட டீ குடித்துவிட்டு வருவார், நான் திட்டுவேன், சோறு ஜாஸ்தி போட்டுக்கொள்வார், அதற்கும் திட்டுவேன். திட்டித் திட்டி எனக்கே வாய் வலித்துப்போயிற்று.

ஈது வந்தது. நான்கட்டாய் இல்லாமல் எப்படி, வீட்டிலோ சர்க்கரை இல்லை. நோன்பு திறக்க வாங்கிய பேரீச்சம்பழம் மீதி இருந்தது, கொட்டை எடுத்து வெந்நீரில் ஊறவைத்து அரைத்து நெய்யோடு பிசைந்தேன். மாவு கையில் ஒட்டிக்கொண்டு உருட்ட வரவில்லை, இன்னும் மைதா போட்டேன். வழக்கம்போல பேக்கரி அடுப்புக்குத் தட்டுகளைக் கொடுத்தேன். அடுப்புக்காரர், இன்னாம்மா இது, விரியவும் மாட்டேங்குது, அதுக்குள்ள கருகுது என்று அலுத்துக்கொண்டே அடுப்பு வாய்ப் பக்கம் தள்ளி வைத்து எடுத்துக் கொடுத்தார். ருசி நன்றாகவே வந்தது. வெல்லம் ஆகாது, தேன் ஆகாது என்று தெரிந்த எனக்கு இது மட்டும் தோன்றவில்லை. நோன்பு திறக்கிற பழமாயிற்றே, அதில் என்ன கெடுதல் வந்துவிடும் என்று நினைத்தேன். அவர் கேட்காமலே காலையும் சாயங்காலமும் எடுத்துக் கொடுத்தேன். டின் காலியானதும் மறுபடி செய்தேன்.

ஈது முடிந்து கட்டு மாற்றப் போனபோது சுகர் ஏகத்துக்கு ஏறியிருந்தது. என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்க, நான் பெருமையாக நான்கட்டாய் கதையைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற நர்ஸ், பழத்துல இருக்கிறதும் சர்க்கரைதாம்மா என்றாள். போன வாரம் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். அழாதே, வீட்டுக்கு வந்துவிட்டார், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அது பழைய புண், பிஸ்கட்டால் மட்டும் வந்தது இல்லை என்று டாக்டர் சொல்கிறார். என் மனசு கேட்கவில்லை.

நேற்று கட்டைப் பிரிக்கும்போது, எனக்குத்தான் தெரியாது, உங்களுக்குமா தெரியவில்லை என்று கேட்டேன். தெரியும் என்றார். பேரீச்சம்பழம் ஒண்ணுக்கு மேல வேணாம் என்று டாக்டர் போன வருஷ ரமலானிலேயே சொன்னாராம். பின்னே ஏன் தின்னீங்க என்றேன். காலைக் குனிந்து பார்த்தார். இந்த ஒரு வருஷத்துல நீ திட்டாம என் கையில எடுத்துக் குடுத்தது அது ஒண்ணுதான், அதையும் எப்படி வேணாம்னு சொல்றது என்றார். புதுக் கட்டைச் சுற்றி முடித்தேன் அம்பரீன். ரொம்ப அசதியாக இருக்கிறது.

நவீதுக்குப் பத்தியம் சொல், கண்டிப்பாகவே சொல், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சொல். நீயும் ஒருமுறை சுகருக்கு ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு, கம்மியோ ஜாஸ்தியோ உள்ளதை எனக்குச் சொல். ஃபோனில் பேசும்போது விரல் விஷயம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே, அவராகச் சொல்லட்டும். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் குறையில்லாத கை கால்களையும் தரட்டும்.

உன் அம்மா,
ஜஹீருன்னிசா
ஆம்பூர்