வளைவு பார்க்கப் போன கதை

என் செல்லச் சறோவுக்கு,

முதலில் ஒரு புதினம். நான் ஊர் பார்க்கப் போய்வந்தேன். கண்டியுமில்லை, கொழும்புமில்லை. எங்கள் வன்னியைத்தான் சுற்றிப் பார்த்தேன். சிரிக்கிறாய், தெரியும். "வன்னியில பாக்க என்ன கிடக்கு? காடு, குளம், நாங்கள் கட்டின வீட்டுத்திட்ட வீடு" என்று வாய்க்கு வாய் சொன்னவள் நீ. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். நாங்கள் இரண்டு பேருமே பிழையடி.

நீ போய் இரண்டு வருடமாகப் போகிறது. உனக்கு வந்த வருத்தம் இன்ன நோயென்று தெரிந்து நாலு மாதம்கூட நீ இருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் கல் வைக்கிற சாந்தகப்பையைத் தொடவில்லை. கவலை ஒரு பக்கம், ஆனால் கூடப் பயம்தான். சண்டை முடிந்து தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த காலத்தில், பெண்களுக்கு மேசன் வேலை பழக்குகிறார்களாம் என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள் நீ. வரைபடம் பார்க்கிறது நீ, வீட்டுக்காரரோடு கதைக்கிறது நீ, தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் நேரோ என்று பார்க்கிறதும் நீ. நான் கல் வைத்தேன், அவ்வளவுதான். நீ இல்லாமல் நான் வைக்கிற கல் நேரே இருக்குமா? ஆரிடம் போய்க் கேட்கிறது?

இப்படி இருக்கும்போதுதான் நாயாற்றிலிருந்து மேரியக்கா வந்தா. கருவாடு போடுகிற பெண்களின் சங்கத் தலைவி. அவவின் வீடும் நாங்கள் கட்டினதுதான், மறந்திருக்கமாட்டாய்; ஒவ்வொரு நாளும் மத்தியானம் மீன்குழம்பு தந்து எங்களைக் கொழுக்க வைத்தவ. சங்கத்துக்கு றோட்டோரம் ஒரு சின்னச் சந்தைக் கட்டடம் கட்ட உதவி கிடைத்திருக்கிறதாம். நான்தான் கட்டவேணுமாம்.

"ஆம்பிளை மேசன்மார் கனபேர் இருக்கினம் அக்கா."

"இருக்கட்டும். மாரி மழை எத்தினை பெய்ஞ்சும் என்ர வீட்டில ஒரு வெடிப்பில்லை. அதைக் கட்டினது ஆர்? ஆனா ஒண்டு, எனக்குப் பெட்டி மாதிரிக் கட்டித் தரப்படாது. பஸ்சில போறவன் எட்டிப் பாத்து, இறங்கி வரோணும்."

"எனக்குப் பெட்டி மட்டுந்தான் அக்கா கட்டத் தெரியும்" என்றேன். பொய்யில்லையே. இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. கதவுக்கு மேலே நேராக ஒரு கொங்கிறீற் சட்டம். எத்தனை வீடு கட்டினோம், எல்லாம் ஒரே அச்சுத்தானே.

முல்லைத்தீவில் நிசாம் நானாவின் கடையில்தானே நாங்கள் சீமெந்தும் கம்பியும் எடுப்போம். அங்கே போய் இதைச் சொல்லிப் புலம்பினேன். நானா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"காணாததை எப்பிடிப் புள்ள கட்டுறது? கண்டாத்தான் கட்டலாம். நாளைக்கு றிஸானாவைத் தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு செட்டிகுளம் போறன். ரெண்டு நாள் நிப்பம். நீங்களும் வாங்க. வழியில கட்டடமாப் பாத்துக்கொண்டு போவம்."

அடுத்தநாள் விடிய அவருடைய சின்ன லொறியில் முன்பக்கம் மூன்று பேரும் நெருக்கி இருந்தோம். நடுவில் நான். நானாவின் மனைவி றிஸானா ராத்தாவின் மடியில் ஒரு பெரிய சாப்பாட்டுப் பெட்டி. ஒட்டுசுட்டான் தாண்ட முதலே அதைத் திறந்துவிட்டா. முட்டை றொட்டியை என் வாயில் அடைத்து, "தின்னுங்க, காஞ்சு போய்க் கிடக்கிறீங்க" என்றா. நெடுங்கேணிப் பக்கம் காடு இரண்டு பக்கமும் பச்சையாக ஓடியது. நான் வேலைக்கல்லாமல் அந்த றோட்டால் போனது அதுதான் முதல்தரம். சீமெந்து மூடையும் இல்லை, அவசரமும் இல்லை. சறோ, சும்மா போகிறது எவ்வளவு சுகம்!

வவுனியாவில் முதலில் நூதனசாலை. எத்தனை தரம் அந்தப் பட்டினத்துக்குச் சீமெந்து விலை கேட்கப் போயிருப்போம்? ஒருநாளாவது உள்ளே போனோமா? கல்லில் செதுக்கிய உருவங்கள், உடைந்த தூண்கள். ராத்தா சிலைகளைப் பார்த்துக்கொண்டு போக, நான் ஒரு மூலையில் நின்றுவிட்டேன். அங்கே பழைய செங்கற்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் செங்கல்லைப்போல இரண்டு மடங்கு பெரிது. ஒரு கல்லின் முதுகில் நாய்க்கால் தடம், நாலு விரலும் அப்படியே! ஈரக் கல்லைக் காயப்போட்டவன் அந்தப் பக்கம் திரும்ப, நாய் இந்தப் பக்கம் ஓடியிருக்கிறது.

எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. மாங்குளத்தில் நாங்கள் சீமெந்து பூசிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனபோது அந்த வீட்டு நாய் விறாந்தை முழுக்க நடந்ததே. நீ தடியோடு ஒழுங்கை முடியும்வரை துரத்தினாயே. ஆயிரம் வருடத்துக்கு முந்திய இந்த நாயை ஆர் துரத்தியிருப்பார்கள்?

காவலுக்கு நின்றவர் கிட்ட வந்தார். "என்ன அக்கா சிரிக்கிறியள்?"

"தம்பி, இந்தக் கல்லை ஒருக்காத் தொட்டுப் பாக்கலாமோ?"

"தொடேலாது அக்கா."

"நான் மேசன். நிறை மட்டும் பாத்திட்டு வைக்கிறன்."

அவர் என் கையைப் பார்த்தார். சீமெந்து தின்ற விரல்கள், சாட்சி வேறென்ன வேணும்? "தூக்க மட்டும் ஏலாது" என்றவர், கொஞ்சம் யோசித்து, "கையைப் பக்கத்தில வைச்சு அளவெடுங்கோ, நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றார். என் சாணால் ஒன்றரைச் சாண். அந்த அளவை இன்னும் கொப்பியில் வைத்திருக்கிறேன்.

பிறகு சந்தை. ராத்தா கத்தரிக்காய்க்கு விலை பேசிக்கொண்டு நிற்க, நான் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நடந்து ஒரு வாழைக்குலையோடு மோதிவிட்டேன். கூரை நல்ல உயரம். சூடு மேலே ஏறி இடைவெளியால் போய்விடுகிறது, கீழே ஆட்கள் வேர்க்காமல் நிற்கிறார்கள். மீன் விற்ற ஒரு அம்மா, நான் மேடையை முழத்தால் அளக்கிறதைக் கண்டு, "என்ன பிள்ளை, வாங்கப் போறியோ இந்த மேடையை?" என்று கேட்டா. எல்லாரும் சிரித்தார்கள். விசயத்தைச் சொன்னேன். அவ எழும்பி நின்றே காட்டினா. "இந்த உயரம் வை. குனிஞ்சு வெட்டினா இடுப்புப் போகும். தண்ணி எங்களுக்குப் பின்னால ஓடோணும், சனத்தின்ர காலுக்குள்ள வரப்படாது." இதை எந்த வரைபடத்தில், சறோ, நாங்கள் பார்த்தோம்?

இனித்தான் முக்கியமான இடம். செட்டிகுளத்தில் ராத்தாவின் தாய்வீட்டுக்குப் பின்னால் வயல், வயல் முடிய ஒரு குளம். குளக்கட்டுக்குக் கீழே பற்றைக்குள் ஒரு பழைய பங்களா. வெள்ளைக்காரர் காலத்தில் குளம் திருத்த வந்தவர்கள் தங்கியதாம். கூரை இல்லை. அறைக்குள் மரம் முளைத்து நிற்கிறது. ஆனால் முன் விறாந்தையில் ஐந்து வளைவுகள், ஒன்றோடொன்று கை கோர்த்தமாதிரி, அப்படியே நிற்கின்றன. பின்னேர வெயில் அதற்குள்ளால் வந்து புல்லில் விழுந்திருந்தது.

நான் கிட்டப் போனேன். வெறும் செங்கல். கம்பி இல்லை, கொங்கிறீற் இல்லை, சீமெந்துகூட இல்லை, சுண்ணாம்புச் சாந்து. நானும் நீயும் கதவுக்கு மேலே நாலு கம்பி போடாமல் ஒரு வரி கல் வைக்கமாட்டோமே! இது எப்படி நிற்கிறது? புல்லில் மல்லாந்து படுத்து மேலே பார்த்தேன்.

"பாம்பு கிடக்கும் புள்ள, எழும்புங்க!" என்று நானா கத்தினார்.

நான் எழும்பவில்லை. கல்லுகளை எண்ணினேன். கீழ்ப்பக்கம் சாந்து மெல்லிசு, மேல்பக்கம் தடிப்பு. அப்படி வைத்து வைத்துத்தான் வளைத்திருக்கிறார்கள். கடைசியில் நடுக்கல் இறுகி எல்லாவற்றையும் பிடித்திருக்கிறது. எனக்கு விளங்கியது, சறோ! நீ சொல்லித்தராமல் ஒரு விசயம் விளங்கியது. படுத்தபடியே அழுதேன், பிறகு சிரித்தேன். நானா பக்கத்தில் குந்தி, "நான் இருவது வருசம் புத்தளத்தில அகதியா இருந்திட்டு வந்தவன். கலியாணம் கட்டி எத்தினை தரம் இஞ்ச வந்திருப்பன்? இதை ஒருக்காவும் எட்டிப் பாக்கேல்லை" என்றார். அவரும் தலையை உள்ளே நீட்டி மேலே பார்த்தார். பாம்பை மறந்துவிட்டார்.

திரும்பி வந்து மேரியக்காவுக்குக் கடதாசியில் கீறிக் காட்டினேன். முன்பக்கம் மூன்று வளைவு, உயரக் கூரை, பின்னால் ஓடுகிற தண்ணி. அக்கா கடதாசியை நெஞ்சோடு வைத்துக்கொண்டா. ஆனால் வேலையை மேற்பார்க்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் கூரைக்கும் மேடைக்கும் தலையாட்டிவிட்டு, வளைவுக்கு மறுத்துவிட்டார்.

"நேர்ச் சட்டம் போடுங்கோ அக்கா. இது விழுந்தா ஆர் பொறுப்பு?"

நீயென்றால் என்ன சொல்லியிருப்பாய்? நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். "முதல் ஒண்டு கட்டிக் காட்டுறன் சேர். வளைவைத் தாங்கிற பலகையைக் கழட்டேக்க நான் அதுக்குக் கீழ நிக்கிறன்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "சரி, ஒண்டு கட்டுங்கோ. ஆனா கீழ ஒருத்தரும் நிக்கப்படாது" என்றார்.

அவர் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. ஏழு நாள் காயவிட்டு, வளைவைத் தாங்கி நின்ற பலகையைக் கயிறு கட்டி இழுத்தோம். இரண்டு தூணும் மெல்ல வெளிப்பக்கம் சரிந்தன. நடுக்கல் நழுவி, பிறகு எல்லாம் பொலபொலவென்று மணலுக்குள். அந்த உத்தியோகத்தர் என்னை ஏசாமல் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. நான் மணலில் இருந்துவிட்டேன். உன்னோடு சேர்த்து என் வேலையையும் புதைத்தாயிற்று என்று நினைத்தேன்.

மேரியக்கா வந்து கல்லுகளைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினா. "கல்லெல்லாம் முழுசாத்தான் கிடக்கு. எழும்பு. ஏன் விழுந்ததெண்டு யோசி."

யோசித்தேன். வளைவு உடையவில்லை, தூண்தான் விலகியது. அப்படியென்றால் வளைவு பக்கவாட்டில் தள்ளுகிறது. பங்களாவில் அந்தத் தள்ளலை எது தாங்கியது? அன்று நான் போனில் எடுத்த படங்களில் வளைவுகள் மட்டும்தான் இருந்தன. வரிசை முடிகிற இரண்டு அந்தத்தையும் படம் எடுக்கவில்லை. அந்தக் கிழமை றிஸானா ராத்தா திரும்பவும் தாய்வீட்டுக்குப் போயிருந்தா. வீடியோவில் போன் அடித்தேன். ராத்தா சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலுக்குள்ளால் நடந்து, மூச்சு வாங்க வாங்கப் படம் காட்டினா.

"எதைக் காட்டச் சொல்றீங்க? இதையா? இது சுவர், வேறென்ன?"

"அதுதான் ராத்தா! அந்தக் கடைசித் தூண். பக்கத்தில நில்லுங்கோ, உங்களைவிட அகலமோ?"

"அல்லாவே, என்னைப்போல ரெண்டு மடங்கு!"

அதுதான் விடை. நடுத்தூண்கள் மெல்லிசு, ஒரு வளைவு தள்ள மற்ற வளைவு எதிர்த்துத் தள்ளும். கடைசித் தூண்களுக்கு எதிர்த்துத் தள்ள ஆளில்லை. அதனால் அவற்றை யானைக்கால்போலக் கட்டியிருக்கிறார்கள். நான் ஒற்றை வளைவுக்கு இரண்டு பக்கமும் சுள்ளித்தடி மாதிரித் தூண் வைத்திருக்கிறேன். விழாமல் என்ன செய்யும்?

விசயத்தை விளங்கப்படுத்த, அந்த உத்தியோகத்தர் கணக்குப் போட்டுப் பார்த்து ஓமென்றார். மூன்றையும் சேர்த்தே கட்டினேன். அந்தங்களில் இரண்டு தடித்த தூண்கள். இந்தமுறை இரண்டு கிழமை பொறுத்தேன். பலகை கழற்றுகிற அன்று காலை சங்கத்துப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். நானாவும் ராத்தாவும் முல்லைத்தீவிலிருந்து லொறியில் வந்து இறங்கினார்கள், சாப்பாட்டுப் பெட்டியோடுதான். பலகைக்குக் கீழிருந்த ஆப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டித் தளர்த்தினேன். வெடிப்பில்லை, அசைவில்லை. பலகையை இழுத்து எடுத்தோம். நான் போய் நடுவளைவுக்குக் கீழே நின்றேன்.

"வெளியில வா, விசரி!" என்று மேரியக்கா கத்தினா.

நான் வரவில்லை. அப்போது அந்த உத்தியோகத்தர் ஹெல்மெற்றை எடுத்துத் தலையில் நன்றாக இறுக்கிக்கொண்டு, வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு துகள்கூட விழவில்லை. பிறகு மேரியக்கா வந்தா. பிறகு ராத்தா. பிறகு எல்லாரும். அந்தக் கூச்சலுக்குக் கொக்கிளாய்க்குப் போன பஸ் நின்றேவிட்டது. சாரதி இறங்கி வந்து, "என்ன கோயிலே கட்டுறியள்?" என்று கேட்டார்.

"சந்தை!" என்றோம், எல்லாரும் ஒரே குரலில்.

இப்போது அங்கே காலையில் மீன், பின்னேரம் கருவாடு. உன் மகள் அபி போன சனிக்கிழமை தகப்பனோடு வந்து மூன்று வளைவுக்குள்ளாலும் ஓடி ஓடிக் களைத்து, நடுமேடையில் ஏறி இருந்து பாலைப்பழம் தின்றாள். உயர்ந்துவிட்டாள், சறோ. சிரிப்பு மட்டும் உன்னுடையதுதான்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி எந்த வேலை எடுத்தாலும், அத்திவாரம் வெட்ட முதல் இரண்டு நாள் ஊர் பார்ப்பேன். பற்றைக்குள் கிடந்தாலும் போவேன், தொடக்கூடாது என்றால் பக்கத்தில் கை வைத்து அளப்பேன், சந்தையில் விற்கிற அம்மாக்களிடம் கேட்பேன். எது எப்படி நிற்கிறது என்று தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லப் பயப்படமாட்டேன்.

உன்னோடு கல் சுமந்தவள்,
உன் அபிக்குச் சின்னம்மா,
பவானி