கிளிப்பச்சைப் புடவை பறந்த இடம்

அம்மா,

படூர் வீட்டு பால்கனியில் நின்று உன் கிளிப்பச்சைப் புடவையை இப்போதுதான் உதறினேன். பொலபொலவென்று மணல் உதிர்ந்தது. கூடவே புளியும் நல்லெண்ணெயும் கலந்த அந்த வாசனை. நேற்று காணும் பொங்கல். எல்லோரும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். உதிர்ந்ததில் எது நேற்றைய மணல், எது உன் காலத்து மணல் என்று தெரியாமல் விளக்குமாறும் கையுமாக நிற்கிறேன்.

இந்தப் புடவையை நீ உடுத்தி நான் பார்த்ததே இல்லை. மாமல்லபுரம் கடற்கரையில் கழியில் ஏற்றிக் கட்டுவதற்கென்றே வாங்கியது. அந்தக் கதையைச் சொன்னால் என் மகள் இன்னமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

முதலில் கழியில் நீ கட்டியது மஞ்சள் புடவைதான். ஊரிலிருந்து டிராக்டரில் பங்காளி வீட்டாரெல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்து, திருக்கழுக்குன்றம் தாண்டி, கடலோரச் சவுக்குத் தோப்பில் இறங்குவோம். இறங்கியதும் உனக்கு முதல் வேலை, புடவையைக் கொடியாக ஏற்றுவது. கூட்டத்தில் பிள்ளைகள் தொலையாமல் இருக்க வேண்டுமே! நீ கழியைப் பிடித்துக்கொள்வாய், நைனா முடிச்சுப் போடுவார். அதன் பிறகுதான் ஜமக்காளமே விரிப்பாய்.

பொங்கல் சமயத்தில் மஞ்சள் புடவைக்கா பஞ்சம்? ஒரு வருஷம் தோப்பின் அந்தப் பக்கத்தில் வேறொரு குடும்பமும் மஞ்சளையே ஏற்றிவிட்டது. குளித்துவிட்டு வந்த நைனா நேராக அங்கே போய் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவர்களும் யாரோ சம்பந்தி வீட்டு ஆள் என்று நினைத்து உபசரித்திருக்கிறார்கள். நீ தேடிப் போனபோது மனிதர் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தார். நீ சத்தம் போடவில்லை. நம் தூக்கிலிருந்து வடையை எடுத்துப்போய் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, நைனாவைக் கையோடு அழைத்து வந்தாய்.

அடுத்த பொங்கலுக்கு வந்ததுதான் இது. கண்ணைப் பறிக்கும் பச்சை, ஆரஞ்சுக் கரை. அத்தைகள் முகத்தைச் சுளித்தபோது நீ சொன்னாய்: "இத்த ஊருல எவளும் கட்ட மாட்டா. அதான் வாங்கிகினு வந்தேன்."

அந்தத் தோப்பு இப்போது இல்லையம்மா. மரம் இருந்த இடத்தில் ஒரு விடுதியின் நீளச் சுவர் நிற்கிறது. சுவருக்கு முன்னால் நாம் ஓடி விளையாடிய மணலைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தில் பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் தம்பி, "இன்னாக்கா, தோப்பே இல்ல. மால்ல சாப்ட்டு ஒரு படம் பாத்துட்டு வரலாமே" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உன் நகையில் பாதியைத் தம்பி மனைவிக்குக் கொடுத்தாய், உன் வாயை முழுசாக எனக்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். அவனை ஒரு பிடி பிடித்தேன்.

கோபத்துக்குக் காரணம் தோப்பு இல்லை, நைனாதான். நீ போனதிலிருந்து அவர் டீக்கடைக்குக்கூடப் போவதில்லை. வாசலுக்கும் கட்டிலுக்கும் நடப்பதோடு சரி. உன் வருஷத் திவசம் முடிந்து வந்த முதல் பொங்கல் இது. இப்போதும் விட்டுவிட்டால் அவர் இனி வெளியே கிளம்பவே மாட்டார், நமக்கும் போகிற வழக்கம் அற்றுப்போகும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. ஊருக்குப் போய் அழைத்தேன். "அவ இல்லாம அங்க இன்னா வேல எனக்கு?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சரி, நாங்கள் போகிறோம், அங்கேதான் இருப்போம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கூட்டம் அதிகம் என்று போலீஸ்காரர்கள் வேனைப் புறவழிச்சாலையிலேயே நிறுத்திவிட்டார்கள். பாத்திரங்களைச் சுமந்துகொண்டு நடந்தோம். அந்தச் சுவரைப் பார்த்ததும் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றேன். ஆனால் நின்று அழ நான் என்ன விருந்தாளியா? சுவர் முடிகிற இடம்வரை நடந்து, மீனவர் குப்பத்தை ஒட்டிப் படகுகள் ஏற்றியிருந்த திடலில் இடம் பிடித்தேன். படகுக்காரர் ஒருவரிடம் கழி கேட்டு வாங்கி நட்டு, புடவையை ஏற்றினேன். ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தாலும் பறந்தது.

இலை போடும் நேரத்தில் தம்பி என் தோளைத் தொட்டான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மணலில் தனியாக நைனா வந்துகொண்டிருந்தார். பஸ்ஸில் வந்திருக்கிறார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டார்.

"தோப்பாண்டதான் போனேன். செவுருதான் கீது. திரும்பிடலாம்னு பாத்தேன், இது தெரிஞ்சுது" என்றார், புடவையைப் பார்த்தபடி. பிறகு என்னை முறைத்தார். "முடிச்சா இது? உங்கம்மா கழியப் புடிச்சிக்குவா. நீ இன்னா சும்மா நிக்கிற, புடி."

பிடித்தேன் அம்மா. நீ பிடித்த மாதிரியே, இரண்டு கையாலும். அவர் என் முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். புடவை நிமிர்ந்தது. உட்கார்ந்து சாப்பிட்டார். மறுசோறு கேட்டபோது தம்பி, "நைனா, நம்ம வூட்டு எலதானான்னு பாத்துக்கினியா?" என்றான். நைனா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! நான் ரசம் எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

கிளம்பும்போது புடவையைக் கழியிலிருந்து அப்படியே உருவிக்கொண்டேன். இதோ, மடித்தாகிவிட்டது. ஒரு முனை மட்டும் மடிப்பில் அடங்காமல் புடைத்து நிற்கிறது. அவர் போட்ட முடிச்சு. அதை நான் அவிழ்க்கவில்லை.